பழைய ரோட்டுச் சுவரில் நீங்கள் எழுதிய ஓம்

என்ர பாப்பத்தார்,

உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. உங்கள் பெயருக்குத்தான், அமெரிக்க முத்திரையோடு. முதலில் எங்கட பழைய டண்டினோங் வீட்டு முகவரிக்குப் போய், அங்கே புது முகவரியோடு மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டுப்பட்டு, பிறகு மகளின் பொயிண்ட் குக் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. போன குளிர்காலத்தில் நீங்கள் போனபிறகு உங்கள் பெயருக்கு வருகிறதையெல்லாம் மகள்தான் திறப்பாள். அப்பா இல்லை என்று இங்கிலீசில் பதில் போடுகிறதும் அவள்தான். இதை மட்டும் நான் அவளிடம் கொடுக்கவில்லை. குசினி மேசையில் வைத்து, வெங்காயம் வெட்டுகிற கத்தியால் ஓரத்தைக் கீறினேன். உள்ளேயிருந்து ஒரு படம் நழுவி ரொட்டி மாவுக்கு மேலே விழுந்தது.

மாவைத் தட்டிப்போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளைச் சுவர். அதில் கறுப்புப் பேனையால் ஊர்ப்பட்ட பேர் எழுதின பெயர்கள், இதயப் படங்கள், தெரியாத பாஷைகள். அவற்றுக்கு நடுவே நம்முடைய இரண்டெழுத்து. ஓம். ‘ம்’முக்கு மேலே குற்று வைக்காமல் ஒரு குட்டி வட்டம் போட்டிருக்கிறது. கடிதத்தை வாசிக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. குற்றை வட்டமாகப் போடுகிற ஆள் உலகத்தில் எனக்குத் தெரிய ஒருவர்தான்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். இங்கிலீஸ் கடிதம் எனக்கு விளங்காது. உங்களுக்குத் தமிழில் எழுதுகிறதற்கு எட்டாம் வகுப்புப் போதும்.

உங்களைப் பாப்பத்தார் என்று முதலில் கூப்பிட்டது நான்தான், மறந்திருக்கமாட்டீர்கள். எதைக் கேட்டாலும் ‘பாப்பம்’. ஞாயிறு சேர்ச் பூசைக்கு நேரத்தோடு போவோமா என்றால் பாப்பம். கூரையில் ஒழுக்கு, ஆளைக் கூப்பிடுவோமா என்றால் பாப்பம். மன்னாரில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் மாமா, “என்ன தம்பி, பொம்பிளையைப் பிடிச்சிருக்கோ?” என்று எல்லார் முன்னாலும் கேட்க, நீங்கள் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு “பாப்பம்” என்றீர்களாம். என் அண்ணர் அன்றைக்கே உங்களைக் கலைத்துவிடப் பார்த்தார். மெல்பேர்ணுக்கு வந்து லொறி ஓடத் தொடங்கினபிறகு, கூட வேலை செய்த தமிழ் ஆட்களும் உங்களைப் பாப்பம் அண்ணை என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று சொல்லி ஒருவரையும் நோகப்பண்ண மாட்டீர்கள். ஓம் என்று சொல்லி மாட்டுப்படவும் மாட்டீர்கள்.

அதனால்தான் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ரொட்டி சுடாமல் இருந்தேன். நீங்கள் ஓம் என்றதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சுவர்தான்.

எனக்கு அந்தப் பயணம் இப்போது நித்திரையில் நடந்த மாதிரி இருக்கிறது. சிக்காகோவில் உங்கள் தங்கச்சியின் மகளுடைய கலியாணம் முடிந்து, எல்லாரும் களைத்துப் படுத்திருக்க, நீங்கள் மட்டும் ஒரு வாடகைக் காரோடு வந்து வாசலில் நின்றீர்கள். லொறிக் கொம்பனிச் சாப்பாட்டு அறையில் யாரோ ஆணியில் கொழுவி வைத்திருந்த தகரப் பலகையில் 66 என்று ஒரு ரோட்டின் நம்பர் இருந்ததாம். வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டு சாண்ட்விச் சாப்பிட்டீர்களாம். அந்த ரோட்டு இங்கே பக்கத்தில்தான் தொடங்குகிறதாம்.

“உது செத்துப்போன ரோட்டப்பா. பக்கத்தால பெரிய ரோட்டுப் போட்டு, இதைக் கைவிட்டிட்டாங்கள். ஆனா சனம் விடேல்லை.”

“செத்த ரோட்டில எங்களுக்கு என்ன வேலை?”

“வந்து பாருமன்.”

வந்தேன். என் வேலை, கார் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் “வலப்பக்கம், வலப்பக்கம்” என்று சொல்கிறது. அங்கே எல்லாம் மாறி ஓடுகிறார்கள்.

“இருபத்தாறு வருசமா என்னை இடப்பக்கம் போகப் பண்ணிப்போட்டு இப்ப வலப்பக்கம் எண்டுறீர். ஒரு முடிவுக்கு வாரும்” என்றீர்கள்.

பெரிய ரோட்டில் வாகனங்கள் சத்தமே இல்லாமல் ஓடுகிற மாதிரித் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே பழைய ரோட்டு, கூடப் பிறந்தது மாதிரி, அதே பக்கம் வளைந்து அதே பக்கம் நிமிர்ந்து வந்துகொண்டிருந்தது. சில இடத்தில் வெடிப்புக்குள்ளால் புல் வந்து, மறித்துக் கட்டியிருந்தார்கள். சில இடத்தில் நாங்கள் அதிலேயே போனோம். இரண்டு பக்கமும் சோளம். ஒரு ஊருக்குள் வீட்டுக் கூரையைவிட உயரமாக ஒரு சிமெந்து மனிதன் சிரித்துக்கொண்டு நின்றான். நான் கண்ணை மூடித் திறக்க அவன் இல்லை, திரும்பவும் சோளம். ஒரு பழைய மோட்டலின் விளக்குப் பலகையில் ஏணி வைத்து ஒரு கிழவர் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். அந்த மோட்டலில் ஒருவரும் தங்குகிறதில்லையாம். பலகைக்காக மட்டும் பல்பு மாற்றுகிறார்களாம். நீங்கள் காரை நிற்பாட்டி, அவர் இறங்கும்வரைக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

ஒருமுறை சிட்னிக்குக் காரில் போகும்போது ஹோல்புரூக்கில் என்னை இறக்கி, கடலே இல்லாத அந்த ஊரின் புல்லுக்கு மேலே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறதைக் காட்டினீர்கள். முந்தி ஹியூம் ரோட்டு ஊருக்கு நடுவால் போனதாம், லொறிக்காரர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு போவார்களாம். இப்போது ரோட்டு ஊரைவிட்டு விலகிப் போய்விட்டது. “நான் மட்டும்தான் இறங்கிப் பாக்கிறனான் போல” என்றீர்கள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சிக்காகோவுக்குத் தெற்கே அந்த ஏணிக்குக் கீழே நிற்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் விளங்கியது.

ஆனால் எனக்கு உங்கள் ரோட்டுக்களோடு ஒரு கோபம் இருந்தது. கிழமையில் நாலு முறை சிட்னி, மெல்பேர்ண். பாதி வாழ்க்கை அந்த ஹியூமில் போனது. பயணத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன், ஒரு விடியக்காலம் அந்த ரோட்டில் யாஸ் என்கிற ஊரைத் தாண்டி வரும்போது கண் ஒருக்கா மூடிவிட்டது என்று நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். ஓரக் கோட்டில் சில்லு ஏறி, கடகடவென்று சத்தம் கேட்டு முழித்தீர்களாம். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். சோளத்துக்கு நடுவிலும் கேட்டேன்.

“வீட்ட போனாப் பிறகு உந்தச் சிட்னி ஓட்டத்தை விடுறியளோ?”

“பாப்பம்.”

“பாப்பம் வேண்டாம். ஓம் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ.”

“இஞ்ச பாரும், அந்தச் சோளத்தை. எங்கட கடல் மாதிரி ஆடுது.”

அதற்குப் பிறகு நான் வலப்பக்கம் என்றுகூடச் சொல்லவில்லை.

அப்படியே வாய் திறக்காமல் போய்த்தான் அந்த எண்ணெய் செட்டில் நின்றோம். சின்ன வீடு மாதிரி ஒரு பெற்றோல் செட். முன்னுக்கு இரண்டு பழைய பம்பு, எண்ணெய் இல்லை. உடுப்பெல்லாம் பெயின்ற் தெறித்த ஒரு வெள்ளைக்கார மனுசி வாசலில் கதிரை போட்டு இருந்தார். நீங்கள் அவருக்குப் பெயின்ற் அன்ரி என்று பெயர் வைத்தீர்கள். அவரும் ஊரில் இன்னும் சிலரும் சனிக்கிழமைகளில் வந்து புல் வெட்டி, சுவருக்குப் பெயின்ற் அடித்து, அந்த இடத்தைப் பார்க்கிறார்களாம். ஜப்பானிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். வருகிறவர்கள் பெயர் பதிகிற கொப்பியில் நீங்கள் பெயரும் டண்டினோங் முகவரியும் எழுதித் தமிழில் கையெழுத்து வைத்தீர்கள். பிறகு அவர் ஒரு தடித்த பேனையைத் தந்து, பக்கச் சுவரில் விரும்பினதை எழுதலாம் என்றார். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றீர்கள். எழுதியது ஓம்.

நான் சுவருக்குக் கிட்ட வந்து வாசித்தேன். நின்ற நிலையில் அழுதேன். அந்த மனுசி ஏதோ துக்கம் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

இனி இப்போதைய கதை. கடிதத்தை மகள் வேலையால் வந்துதான் வாசித்துச் சொன்னாள். பெயின்ற் அன்ரிதான் எழுதியிருக்கிறார். அந்த செட்டை, எண்ணெய் விற்ற காலத்தில் இருந்த மாதிரியே திருத்தப் போகிறார்களாம். பக்கச் சுவர் எல்லாம் திரும்ப வெள்ளையாக அடிபடப் போகிறது. ஆட்கள் எழுதினது எல்லாம் போய்விடும். விசேசமான ஒன்றிரண்டை மட்டும் கண்ணாடி போட்டு மூடி வைப்பார்களாம். உங்களுடையதை வைப்பதாக யோசித்திருக்கிறார்கள். ஏனென்றால் சுவரைப் பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம், இது இந்துக்களின் மிகப் புனிதமான மந்திரம் என்று விளக்கிச் சொல்லியிருக்கிறது. ‘ஓர் இந்து யாத்திரீகரின் பிரார்த்தனை’ என்று கீழே ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். கொப்பியில் உங்கள் கையெழுத்தில் அதே குட்டி வட்டத்தைக் கண்டுபிடித்து, முகவரியைப் பார்த்து, சம்மதம் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

மகள் சிரிக்கத் தொடங்கி, அப்படியே அழுதாள். “அப்பா? இந்து பில்கிரிம்?”

அப்போது பின்வீட்டுக் கோமதி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். மதுரைப் பிள்ளை, உங்களை அவளுக்குத் தெரியாது. படத்தைக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அக்கா, ஓம்! சார் எவ்ளோ பக்தியா எழுதியிருக்காரு. பாருங்க, எனக்கு உடம்பே சிலிர்க்குது.”

“பிள்ளை, அவரை அந்தோனியார் திருநாளுக்கே நான் இழுத்துக்கொண்டுதான் போறனான்.”

“அப்புறம் எதுக்கு ஓம்னு எழுதினாரு?”

“ஓம் எண்டா ஓம்தான்.”

“அதான் நானும் சொல்றேன். ஓம்.”

“ஐயோ, இல்லைப் பிள்ளை. நீங்கள் ஆமா எண்டுறியள் எல்லே? அதை நாங்கள் ஓம் எண்டுறது.”

கோமதி என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். “அடக் கடவுளே! அப்போ நீங்க தினமும் வேலிப் பக்கம் நின்னு போன்ல ஓம், ஓம், ஓம்னு சொல்றது? நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட, அந்த அக்கா கிறிஸ்டியனா இருந்தாலும் தினம் பிரணவம் சொல்றாங்க, நீங்க சாமியே கும்பிட மாட்டேங்கிறீங்கன்னு திட்டிட்டு இருக்கேன்!”

நீங்கள் போனபிறகு முதல் முறையாக வயிறு நோகச் சிரித்தேன். உங்களுக்குச் சொல்லலாம் என்று தலையைத் திருப்பினேன். அந்தக் கணம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது.

கோமதி போகும்போது வாசலில் நின்று, “அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. சாமி பேருன்னு நெனச்சாத்தான் வச்சிருப்பாங்க. சும்மா ஆமான்னு தெரிஞ்சா பெயிண்ட் அடிச்சு மூடிடுவாங்க” என்றாள். மகளும் அதையே சொன்னாள். “லீவ் இட் அம்மா. என்னவெண்டாலும் நினைக்கட்டும். அப்பாவின்ர எழுத்து இருக்குமெல்லே.”

மூன்று நாள் யோசித்தேன். இங்கே பொயிண்ட் குக்கில் பின்னேரம் நடக்கப் போனால் எல்லா வீடும் ஒரே வீடு, எல்லா ரோட்டும் ஒரே வளைவு. வாவிக்கரையில் பனிப்புகார் இறங்கினால் தண்ணி எது, ரோட்டு எது என்று தெரியாது. நடந்துகொண்டே நான் அந்த வாடகைக் காருக்குள் போய்விடுவேன். சோளம் ஆடும். உங்கள் கை ஸ்ரியறிங்கில் இருக்கும். யாரோ சைக்கிள் மணி அடித்தால்தான் திரும்பி வருவேன்.

ஒரு பொய்க்குக் கீழே உங்கள் எழுத்து பாதுகாப்பாக இருக்கும். உண்மையைச் சொன்னால் வெள்ளைப் பெயின்றுக்குக் கீழே போகலாம். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ஆனால் கோமதி அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றினது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அவளைப் போல ஒருத்தி அவ்வளவு தூரம் போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கும்பிட்டு நின்றால், அவளை நான் ஏமாற்றின மாதிரி. அதைவிட, உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமை. வாழ்க்கையிலேயே ஒரு தடவை ஓம் சொன்னீர்கள். அதைச் சாமிக்குச் சொன்னீர்கள் என்று எழுதி வைக்க நான் ஏன் விடவேண்டும்?

நாலாம் நாள் மகளைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினேன்.

“எழுது. அது கும்பிடுற ஓம் இல்லை.”

“ஆர் யூ ஷுவர், அம்மா?”

“எழுது பிள்ளை. எங்கட ஊரில ஓம் எண்டா யெஸ். அப்பா எழுதினது யெஸ். இனி நீங்கள் பெயின்ற் அடிக்கிறதெண்டா அடியுங்கோ, நான் கோவிக்க மாட்டன் எண்டு எழுது.”

“கோவிப்பீங்கள்தானே?”

“ஓம். அதை எழுதாதை.”

நேற்று பெயின்ற் அன்ரியின் பதில் வந்தது. தங்கள் ஆட்களில் பாதிப்பேர் சுவர் முழுக்க வெள்ளையாக இருக்கவேணும் என்று நிற்கிறார்களாம். பிரார்த்தனை என்றால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், வெறும் யெஸ் என்றால் சண்டை பிடிப்பார்களாம். வாற சனிக்கிழமை கூடி முடிவெடுக்கிறார்கள். தான் எழுந்து அதற்காகப் பேசப் போவதாக எழுதியிருக்கிறார். அன்றைக்கு நான் சுவரடியில் அழுததை அவர் மறக்கவில்லை. தனக்கு ஒன்று மட்டும் தெரியவேணுமாம், பலகையிலும் அதைத்தான் எழுதவேணுமாம்.

மகள் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். “யெஸ் டு வட், அம்மா? என்ன கேட்டனீங்கள்?”

சிட்னி ஓட்டத்தை விடச் சொல்லிக் கேட்டேன் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லுறன் என்றேன்.

ஏனென்றால் மேலே நான் உங்களுக்கு எழுதினதில் ஒன்றை விட்டுவிட்டேன். உங்களுக்கு அது தெரியும். காருக்குள் வாய் திறக்காமல் வந்தது உண்மை. ஆனால் நீங்கள் பேனையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் வாய் திறந்தேன். டிக்கியில் இருந்து பிளாஸ்கை எடுத்து வைத்துக்கொண்டு, கோபம் போகாத குரலில், அங்கிருந்தே கத்தினேன்.

“தேத்தண்ணி ஊத்தட்டோ?”

நீங்கள் திரும்பவில்லை. பிறகுதான் எழுதினீர்கள். நான் கோப்பையோடு வந்து பார்க்க, சுவரில் ஓம். நீங்கள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தீர்கள். நான் அழுகிறதைப் பார்த்து, “என்னப்பா, சீனி போடேல்லையோ?” என்றீர்கள். மற்றக் கையை என் தோளில் போட்டீர்கள். போட்ட கையைக் கனநேரம் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் கிழமையே திரும்பவும் சிட்னிக்கு லொறி எடுத்தீர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, “லொறித் திறப்பைக் குடுத்திட்டு வந்திட்டன். இனி மெல்பேர்ணுக்குள்ள தான் ஓட்டம்” என்று சொல்லிவிட்டுச் வேலை உடுப்பைக் கழற்றிக் கொழுவினீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் முதுகு நோ என்று சொல்வீர்களோ, கொம்பனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று சொல்வீர்களோ என்று பயம். மூன்று வருடத்துக்கு மேலே ஒவ்வொரு பின்னேரமும் உங்கள் கார் வாசலுக்குள் திரும்பும். அந்த ஓம் எனக்குச் சொன்னது என்று நம்பித்தான் ஒவ்வொரு பின்னேரமும் கதவைத் திறந்தேன். நீங்கள் இல்லாத இந்த வீட்டிலும் அதை வைத்துக்கொண்டுதான் விடியிறது.

மகள் வேலைக்குப் போய்விட்டாள். கொம்பியூட்டரைத் திறந்தபடி மேசையில் விட்டிருக்கிறாள். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பலகையில் அவர்கள் எழுதப்போகிறதை முன்பின் தெரியாத சனம் எல்லாம் வாசிக்கும், நான் சொன்னதுதான் உண்மை என்று நம்பும். அதனால் பிழையாகச் சொல்லப் பயமாக இருக்கிறது.

அந்தப் பேனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, உங்கள் காதுக்குள் இருந்தது என்னுடைய எந்தக் கேள்வி?